ஐம்பத்தைந்தாம் வயதும் அக்கரைச் சீமையும்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன் எண்களைப் பள்ளி மாணவரும் மனப்பாடமாக அறிவர். இலங்கையில் நாடற்றோராய் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. இவ்வெண்களின் ஆரவாரத்தில் அமுங்கிப்போன சிறு பிரிவொன்றும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. இந்தியாவுக்குச் செல்லவேண்டியோர், தமது முறை வந்து கப்பலேறும் நாள் வரைக்கும், அல்லது ஐம்பத்தைந்து வயது நிறையும் வரைக்கும், இவ்விரண்டில் எது முந்துகின்றதோ அதுவரையில், தாம் செய்துவந்த தொழிலைத் தொடரலாம் என்பதே அது. ஒரு தொழிலாளி எந்த வயதில் ஓய்வு பெறவேண்டும், எந்த நாட்டில் ஓய்ந்திருக்கவேண்டும் என்னும் இரண்டையும் ஒரே ஏட்டில் இரு அரசுகள் எழுதிவைத்த விந்தையை வேறெங்கும் எளிதிற் காணமுடியாது.

ஓய்வு பெற்றபின் பிறநாட்டு நகரொன்றில் சென்று வாழ்வது உலகத்துக்குப் புதிதன்று. மெக்சிக்கோ நாட்டில் குவாதலஹாரா என்றொரு மாநகரம் உளது. கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீற்றருக்கும் உயரமான மேட்டுநிலத்தில், வெயிலும் குளிரும் அளவோடு அமைந்த நகரம் அது. 1542ஆம் ஆண்டு முதல் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றது. மரியாச்சி என்னும் இசைமரபுக்குத் தாயகமாகிய ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரம். அநாதைக் குழந்தைகளையும் ஆதரவற்ற முதியோரையும் காப்பதற்கென எழுந்த கபாஞாஸ் இல்லம் அங்கே இருக்கின்றது. அதன் கூரையிலும் சுவரிலும் ஒரோஸ்கோ என்னும் ஓவியர் 1930களின் இறுதியில் தீட்டிய பெரும் ஓவியங்களைக் காண உலகெங்கிருந்தும் மக்கள் வருகின்றனர். இந்நகரத்திலும் அருகேயுள்ள சப்பாலா ஏரிக்கரையிலும் அமெரிக்க நாட்டு ஓய்வூதியர் பலர் பல தலைமுறைகளாகக் குடியேறிவருகின்றனர். அவர்கள் அங்கே பிறந்தவர் அல்லர். அவர்தம் பாட்டனும் அங்கே பிறந்தவன் அல்லன். வாடகை குறைவு, தட்பவெப்பம் இனிது, கண்டு மகிழக் கலைகள் உண்டு என்பதனால் தாமே தெரிந்துகொண்டு செல்கின்றனர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அமெரிக்க ஓய்வூதியம் மாதந்தோறும் அவர்களைப் பின்தொடர்ந்து செல்கின்றது. மனம் மாறினால் திரும்பிவரத் தாய்நாட்டின் கதவும் திறந்தே இருக்கும்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் முதுமை எய்தியவர்க்கும் அக்கரையில் பெருநகரங்கள் இருந்தன. திருச்சிராப்பள்ளியும் மதுரையும் கலைவளத்திலோ தொன்மையிலோ குவாதலஹாராவுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. மாதந்தோறும் பின்தொடரும் பணமும், திரும்பிவரும் வழியும், தாமே தெரிந்தெடுக்கும் உரிமையுமே அவர்கள் பங்கில் விழாமற் போயின.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். நுவரெலியாவைப் போல மலைமுகடு முழுவதும் தேயிலை போர்த்த நாடன்று இது. மேட்டில் தேயிலை, சரிவில் இறப்பர், பள்ளத்தில் வயல், வயலோரத்தில் சிங்களக் கிராமம் என ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாகாணத்தின் முகத்தை மாற்றின. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய இடங்களில் விடியுமுன் பால்வெட்டக் கத்தியோடு புறப்பட்டவர் பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய வறண்ட சீமைகளிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களுமே. அயற்கிராமத்தாரோடு சந்தையிலும் கடையிலும் நாளும் பழகியமையால் இவர்கள் நாவிற் சிங்களமும் இயல்பாகப் புரண்டது. கூட்டமாக வாழ்ந்த உயர்மலைத் தோட்டத்தாரைக் காட்டிலும் இவர்கள் ஊரோடு நெருங்கியவர்கள். அந்த நெருக்கமே பிற்காலத்தில் இவர்களுக்கு அச்சமும் ஆயிற்று.

தோட்டத்தில் முதுமை என்றால் என்ன? நெடுங்காலம் அதற்கென ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் பால்வெட்டுக்காரர் புல்வெட்டுக்கு மாற்றப்படுவார். கொழுந்து பறித்த கிழவி பிள்ளைமடுவத்தில் தொட்டிலாட்டுவாள். அதுவும் இயலாதபோது பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படுவது நின்றுவிடும். லயத்துக் காம்பராவின் ஒரு மூலையில், மகனோ மகளோ வாங்கிவரும் அரிசியில் எஞ்சிய காலம் கழியும். காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவரேனும் வேலைக்குப் பேர் கொடுத்தாலன்றி அங்கே இருப்பதற்கு உரிமையில்லை. ஆகவே முதியவரின் கூரை அவர் பிள்ளையின் நாட்சம்பளத்தில் தொங்கியது.

இந்நிலையில் அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் 'ஊர்' என்னும் சொல். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கி இருகரைப் புகையிரதப் பாதைகளையும் இணைத்தபின், ஊர் எட்டிப்பிடிக்கக்கூடிய தொலைவில் இருந்தது. பெரியகங்காணிமாருட் சிலர் தேடிய பொருளோடு ஊர் திரும்பி, நிலம் வாங்கிக் கோயில் திருப்பணியும் செய்து, மதிப்போடு கண் மூடினர். சாதாரணத் தொழிலாளிக்கு அது கனவு. ஆயினும் அக்கனவைத் தாங்கிநிற்கக் கப்பல் ஒன்று நாளும் ஓடிக்கொண்டிருந்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. ஊரோடிருந்த போக்குவரத்து இவ்வாறு அறுந்தது. ஊர் என்னும் சொல் மட்டும் தாத்தாவின் வாயிலிருந்து பேரனின் காதுக்கு வந்துகொண்டேயிருந்தது.

துரைமாரின் முதுமையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தோட்டத்துரையும் அயல்நாட்டவரே. சேவை முடிந்ததும் நுவரெலியாவில் பூந்தோட்டமும் சிறு பங்களாவுமாகத் தங்கிவிட்ட துரைகள் இருந்தனர். பெரும்பாலோர் கொழும்பில் கப்பலேறி, தாம் இளமையில் விட்டுவந்த இங்கிலாந்துக்கோ ஸ்கொத்லாந்துக்கோ சென்றனர். அவர்களுள் எவரையும் 'நீ எந்த நாட்டவன்?' என்று ஒருவரும் கேட்டதில்லை. தாம் பிரிந்துவந்த மண்ணின் பெயரையே தோட்டங்களுக்குச் சூட்டும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர்த் தோட்டம் அத்தகைய பெயருடையது. இங்கிலாந்திலுள்ள யோர்க் நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலின் பெயர் அது.

அந்த நேவ்ஸ்மயர்த் தோட்டத்திலேதான் இக்கேள்வி முதன்முதலாக நீதிமன்ற ஏடேறியது. 1946ஆம் ஆண்டில், நிலமற்ற கிராம மக்களுக்குக் காணி பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. கிராமத்தாரின் காணிப்பசி பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பின் தோட்டங்கள் பெருகப் பெருக, பல கிராமங்கள் விரிய இடமின்றி நெருக்குண்டன. ஆனால் அப்பசியைத் தீர்ப்பதற்கு லயத்திலிருந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். கேகாலைத் தோட்டங்களில் பல்லாயிரவர் அவர்களுக்காக ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். மறுத்தோர்மீது அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டப்பட்டது. அவர்களோ எங்கும் புகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தனர். தொழிலாளி ஒருவரின் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரைக்கும் சென்றது. பிறருக்குத் தொல்லை விளைவிப்பதே ஒருவருடைய முதன்மையான நோக்கம் என்று காட்டினாலன்றி அது குற்றமாகாது என 1950ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்த்தது. வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ விரும்புவது வேறு, மற்றவரைத் துன்புறுத்த விரும்புவது வேறு என்னும் எளிய உண்மையை உரைக்க ஏழு கடல் தாண்டிய நீதிபதிகள் வேண்டியிருந்தனர்.

தீர்ப்பு வருமுன்னரே சட்டம் வேறு திசையில் நடந்துவிட்டது. 1928ஆம் ஆண்டளவிலேயே டொனமூர் ஆணைக்குழுவினர், தோட்டத் தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பேர் இங்கேயே நிலைத்துவிட்டோர் என்று மதிப்பிட்டிருந்தனர். அவ்வாறிருந்தும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பிறப்புச் சான்றிதழ் இல்லை, தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று இல்லை, கப்பலேறி ஊர் போய்வந்தமையால் இடைமுறிவு உண்டு எனப் பல காரணங்கள் காட்டப்பட்டன. தாயின் மரணச்சடங்குக்குப் போய்வந்தவனுக்கு அப்பயணமே வினையாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன் தோட்டத் தொழிலாளரிடம் எவரும் கலந்து பேசவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அதைக் கண்டித்தார். ஒப்பந்தமான எட்டாவது வாரத்தில், டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும் புயலொன்று தனுஷ்கோடியை அழித்தது. அரைநூற்றாண்டாக ஊருக்குச் செல்லும் வாசலாயிருந்த துறைமுகம் கடலுக்குள் போயிற்று. ஊர் திரும்பவேண்டியவர்களின் எண்ணிக்கையை இரு அரசுகளும் எழுதி முடித்த கையோடு, ஊரின் வாசற்படி இல்லாமற்போனதை என்னென்பது! பின்னர் இராமேசுவரத்துக்கே கப்பல் சென்றது. 'இராமானுஜம்' என்னும் அக்கப்பலின் பெயரைத் தோட்டத்து முதியோர் இன்றும் மறந்திலர்.

1967ஆம் ஆண்டில் நடைமுறைச் சட்டம் நிறைவேறிய பின்னரே பயணங்கள் தொடங்கின. இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். இலங்கைப் பிரசாவுரிமையை நாடியோர் அவர்களினும் மிகப் பலர். மக்களின் விருப்பத்துக்கும் ஒப்பந்தத்தின் கணக்குக்கும் இருந்த பொருத்தம் இவ்வளவே. முதியோருட் சிலர் உண்மையில் விரும்பியே சென்றனர் என்பதையும் மறைத்தலாகாது. பிறந்த மண்ணில் கட்டை வேகவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது. இளையோரை உந்தியது ஆசையன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளைக் கண்டது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களின்போது பல தோட்டங்களில் லயங்களிலிருந்து மக்கள் துரத்தப்பட்டனர். 1977ஆம் ஆண்டு வன்செயல் இம்மாகாணத்தையும் தொட்டது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. கிராமத்தோடு கலந்து கிடந்த தோட்டங்களுக்கு மறைவிடம் இல்லை. அதே வேளையில், தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் கிராமத்தவர் பற்றிய நினைவுகளும் அதே பகுதிகளில் வழங்குகின்றன.

கேகாலையார் இறம்புக்கனையிலோ பொல்காவலையிலோ புகையிரதம் ஏறினர். இரத்தினபுரியார் கொழும்பு வந்து ஏறினர். மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என இரவெல்லாம் ஓடிய அந்த வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இறந்தவரைக் குறித்துப் பாடும் ஒப்பாரியை உயிரோடு போகிறவர்க்காகப் பாடிய இடம் அதன் மேடை. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை; பெற்றோர் போகவேண்டும், மணமான மகள் இருக்கவேண்டும். தாளிலே ஒரு குடும்பம் இரண்டானபோது, முதியவர் எந்தப் பிள்ளையின் பக்கம் நிற்பது என்பதற்கு ஒப்பந்தத்திற் பிரிவு எதுவுமில்லை. பிள்ளையின் சம்பளத்தில் கூரை தொங்கிய நிலையை முன்னரே கண்டோம். அப்பிள்ளையும் கடலால் பிரிந்தபின் கூரை எங்கே?

அவர்கள் கொண்டுசென்ற பொருளையும் கணக்கிடவேண்டும். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தமது உடைமைகளை எடுத்துச்செல்ல ஒப்பந்தம் இடமளித்தது. ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்றும் உறுதி கூறப்பட்டது. சேமலாப நிதிச் சட்டமோ 1958ஆம் ஆண்டில் வந்தது. முதற் கப்பல்களில் ஏறிய ஐம்பத்தைந்து வயதினர் நாற்பதாண்டு உழைத்தவரெனினும், நிதியிற் சேர்ந்தது கடைசிப் பத்தாண்டுக்குட்பட்ட பணமே. அது ஓய்வூதியமும் அன்று. ஒருமுறை கைக்கு வந்து, செலவானால் தீர்ந்துபோகும் தொகை. மெக்சிக்கோவிலிருந்த அமெரிக்க முதியவர் அடுத்த மாதத்தை எண்ணிக் கலங்கவேண்டியதில்லை. இம்முதியவர் எண்ணவேண்டியது அடுத்த மாதத்தையே.

அக்கரையில் மண்டபம் முகாமும், திருச்சிராப்பள்ளியை அடுத்த கொட்டப்பட்டு முகாமும் இவர்களை ஏற்றன. குடும்ப அட்டையில் எழுதியபடி சிலருக்கு வேலை, பலருக்கு வியாபாரக் கடன். கூலி வேலையன்றி வேறொன்றும் அறியாதவரிடம் தராசு வாங்கப் பணம் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னது அத்திட்டம். தரகரிடமும் இடையாட்களிடமும் ஏமாந்து கடனும் கைநழுவியோர் பலர். தாயகம் திரும்பியோருக்கென 1969ஆம் ஆண்டில் சென்னையில் ரெப்கோ கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டது. எல்லாக் குறையையும் அரசின்மேல் ஏற்றிவிட முடியாது. பர்மாவிலிருந்தும் அக்காலத்தில் மக்கள் வந்துகொண்டிருந்தனர். ஆயினும் வரப்போகிறவர்களின் தொகையைப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்த திட்டம், அவர்கள் யார், என்ன செய்யத் தெரிந்தவர்கள் என்பதை அறிந்திலது.

மாநகரம் அவர்களுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும்? இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். திருச்சிராப்பள்ளியில் பெய்வது அதன் நான்கிலொரு பங்களவே. நீரூற்று வாசலிலே ஓடக் கண்டவர்கள் குடத்தோடு வரிசையில் நின்றனர். மலைக்கோட்டையும் திருவரங்கமும் கண்முன்னே எழுந்துநின்றன. அவற்றினும் அவர்களுக்கு நெருக்கமான ஒன்று நகரத்துக்குத் தென்மேற்கே இருந்தது. காமன்கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு தோட்டங்களில் இரவிரவாக ஆடப்பட்ட மற்றொரு கூத்து பொன்னர் சங்கர். அண்ணன்மார் வீழ்ந்த வீரப்பூர், திருச்சி மாவட்டத்தின் மணப்பாறைக்கு அருகே உள்ளது. லயத்து முற்றத்தில் தீப்பந்த ஒளியிற் கேட்டறிந்த படுகளம், கற்கோயிலும் திருவிழாவுமாக அங்கே இருந்தது. கதையை அடியடியாக அறிந்தவர்கள் அதன் மண்ணுக்கு வந்துசேர்ந்தனர். ஆனால் அம்மண்ணில் அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. அவர்கள் குடியமர்ந்த தெருக்கள் பல ஊர்களில் 'சிலோன் காலனி' ஆயின. அக்கரையில் இருந்தபோது 'இந்தியாக்காரன்', இக்கரை வந்ததும் 'சிலோன்காரன்'. நூறாண்டு முன் பாட்டன் விட்டுப்போன கிராமத்திற் பங்காளிகளைத் தேடிச்சென்றோர் சிலர் அன்போடு ஏற்கப்பட்டனர். பங்கு கேட்க வந்தவரென ஐயுற்று நோக்கப்பட்டோரும் உண்டு. இலங்கை வானொலியின் தமிழொலி அக்காலத்தில் தமிழ்நாடெங்கும் கேட்டது. அதை அவர்கள் எவ்வுணர்வோடு கேட்டிருப்பர் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தோட்டத்தொழில் தெரிந்தவர் பலர் மீண்டும் தோட்டத்தையே நாடினர். நீலகிரியில் 1968ஆம் ஆண்டு முதல் அரசே தேயிலை பயிரிட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்துக் கூடை மீண்டும் முதுகேறியது. கொடைக்கானல் மலைக்குக் காடுவெட்டச் சென்றோர் சிலர் கொத்தடிமைகளாயினர். சப்பிரகமுவத்தின் பால்வெட்டுக்காரருக்குப் பழக்கமான மரம் வேறு இரண்டு இடங்களில் காத்திருந்தது. ஒன்று கேரளத்தின் புனலூர்; மற்றொன்று கன்னட நாட்டின் சுள்ளியா. இவ்விரு இடங்களிலும் தாயகம் திரும்பியோருக்கென இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. சுள்ளியாவின் மழை இரத்தினபுரி மழையை ஒத்தது. மரமும் அதே மரம், கத்தியும் அதே கத்தி. தமிழரைத் தமிழகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லித் தொடங்கிய பயணம், அவர்களிற் சிலரைத் துளுவும் கன்னடமும் வழங்கும் சீமையில் கொண்டுசேர்த்தது. சிங்களம் பேசிப் பழகிய நாவுக்குப் புதுமொழி அவ்வளவு கடினமாயிருக்கவில்லை போலும்.

1984ஆம் ஆண்டில் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. அதற்குள் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், இடையிற் பிறந்த குழந்தைகள் உட்பட, கடல் கடந்திருந்தனர். இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு முறை வருமெனக் காத்திருந்த பல்லாயிரவர் இங்கேயே நின்றுவிட்டனர். அவர்களிற் பலர் அதே லயத்தில், எந்த நாட்டுக்கும் முழுமையாக உரியராகாமல், ஐம்பத்தைந்தையும் கடந்து முதுமை எய்தினர். 1988ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோருக்கும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கடவுச்சீட்டோடு நின்றவர்க்கும் இலங்கைப் பிரசாவுரிமையை வழங்கின. கப்பல் நின்றமையாலேயே தாம் விரும்பிய இடத்தில் முதுமையைக் கழித்தோர் அவர்களுள் எத்தனை பேர் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

கடல் கடந்தவர்களின் மக்கள் நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறித்து, அவர்களும் ஓய்வு பெறும் வயதை எட்டினர். அங்கும் குடியிருப்பு தோட்டக் கழகத்துக்கே சொந்தம். வேலை முடிந்தால் வீட்டை ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்றோர் எங்கே செல்வது என்னும் கேள்வி அண்மை ஆண்டுகளில் அங்கே எழுந்தது. அரசு சிலருக்கு வீடு கட்டிக்கொடுத்தது. வேறு சிலர் காலிசெய்ய மறுத்து, சேரவேண்டிய பணிக்கொடையும் கைக்கு வராமல், அதே வீட்டிலேயே இருந்தனர்.